பெயிண்ட் கழட்ட முன்னுக்கு இத வாசி

மகன்,

நீ டோஹாவுல வாங்கின குட்டி சிப்பாய்ங்க போட்டோ பாத்தேன், யாரோ கோட்டுக்கு மேல கோட்டு அடிச்சு மூஞ்சி எது தொப்பி எதுன்னே தெரியாம ஆக்கி வச்சிருக்கான், அதுங்கள கழட்டத்தான் வேணும். ஆனா நீலக் குதிரைக்காரன விட்ரு, பெயிண்ட் மெல்லிசு, கடிவாள வாரு கூட தெரியுது, மேலயே ப்ரைமர், அதான் அடிப்பூச்சு, அடிச்சா போதும். அந்த டின்கி பொம்மைக் காரையும் தொடாத. டின்கி செஞ்ச லிவர்பூல் பெக்டரிய 1979லயே மூடிட்டாங்க, சேக்குறவங்க கீறல் விழுந்திருந்தாலும் பழைய பெயிண்டுக்குத் தான் காசு குடுப்பாங்க.

நெயில் பாலிஷ் ரிமூவர்ல போடவான்னு கேட்டியே, அதுல அசிட்டோன் இருந்தா ஈய பொம்மைக்கு ஒண்ணும் ஆகாது, பிளாஸ்டிக் கரைஞ்சே போயிரும். அதால மொதல்ல ரெண்டையும் பிரி, கனமே சொல்லிரும். ரெண்டுக்கும் பொதுவுன்னா டெட்டோல் தான். தண்ணி கலக்காம ஜாம் போத்தல்ல ஊத்தி பொம்மைய போட்டு மூடி ராவைக்கு வச்சிரு, எனாமல்ங்கிற எண்ணெய் பெயிண்ட்னா இன்னும் கொஞ்சம் ஊறணும். காலையில கிளவுஸ் போட்டுகிட்டு பழைய டூத் பிரஷ்ஷ அந்த டெட்டோல்லயே நனைச்சு தேய். இங்க தான் கனபேர் கோட்டை விடுறது, பாதி கழண்டதும் பைப்புல காட்டிருவாங்க, தண்ணி பட்டுச்சோ அந்த பெயிண்ட் பலாப்பால் மாதிரி மடிப்புக்குள்ள ஒட்டிக்கும், பிறகு ஊசியால நோண்ட வேண்டியது தான். முழுசா போனப்புறம் புது டெட்டோல்ல ஒருக்கா அலசிட்டு தான் விம் போட்டு கழுவணும்.

வாடை தாங்கலன்னா ஐசோபுரோப்பைல் அல்கஹோல்லயும் செய்யலாம், ஆனா நெருப்புப் பொறி பட்டா அந்த ஆவி 12 டிகிரி சூட்டுலயே பத்திக்கும், நம்ம ஹட்டன் குளிருக்கே பயப்படணும்னா உங்க ஊர பத்தி சொல்லவா வேணும், குசினி பக்கமே கொண்டு போகாத.

ஈயத்த அரத்தாள் போட்டு உரசாத, பழைய பெயிண்ட்லயும் ஈயம் இருக்கலாம், தூசி மூச்சுல போகும். சின்னவ எதையும் வாயில வைக்கிற வயசு, அவ தூங்கினப்புறம் செய், கைய நல்லா கழுவிட்டு அவள தூக்கு.

இங்க மழை விட்ட பாடில்ல, துணியே காயல, உனக்கு கழுவின பொம்மை ஒரு மத்தியானத்துல காஞ்சிரும். அதுக்காக காருக்குள்ள வெயில்ல வச்சிராத, மெல்லிசான பிளாஸ்டிக் கத்தியெல்லாம் வளைஞ்சிரும்.

பாவிச்ச டெட்டோல் போத்தல்ல பேர் எழுதி ஒட்டி வைக்கட்டாம், அம்மா சொல்றா, மருமகள் தெரியாம பிள்ளைய குளிப்பாட்டுற தண்ணியில ஊத்திருவாளாம்.

அப்பா