அந்த ‘ள’ உன்னோடது

ஓட்டேரி,
ஞாயிறு ராத்திரி

டேய் மச்சி,

நாலு மாசமாக உன் போனை எடுக்காததற்கு ஒருமுறை நன்றாகத் திட்டிவிட்டு மேலே படி. வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி, வழக்கம்போல் அதுக்கும் நான்தான் காரணம். நம்ம சிநேகிதன் ஒயரிங் மகள் கல்யாணம் முடிந்தது. உன்னைக் கேட்டான். ஓசூரில் உனக்கு லீவு தரவில்லை என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் அதையே சொல்.

விஷயம் என்னவென்றால், நம்ம வலைப்பூவைப் புதுப்பித்தேன். சிரிக்காதே. இடம் வாடகைக்கு விட்டிருக்கும் கம்பெனியிலிருந்து மெயில்: வலைப்பூவை ஓட்டுகிற நிரல்மொழி பிஹெச்பியின் பழைய பதிப்பை மாசக் கடைசியில் எடுக்கிறோம், எட்டாம் பதிப்புக்கு மாறிக்கொள்ளவும். பொத்தானை அமுக்கினேன். பக்கம் மொத்தமும் வெள்ளை. சோடாபுட்டி 2009-ல் எழுதிக் கொடுத்த தீமில், அதான் பக்க அலங்கார நிரலில், ‘கிரியேட் ஃபங்ஷன்’ என்று ஒரு சமாசாரம் ஏழு இடத்தில் இருந்தது. பிஹெச்பி 8-ல் அதைத் தூக்கிவிட்டார்களாம். ஏழையும் மாற்றினேன். பக்கம் வந்தது, தமிழ் வரவில்லை.

வந்தது என்ன தெரியுமா? தலையில் கோடு கிழித்த ஒரு சின்ன இங்கிலீஷ் ‘ஏ’. பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு ‘ஆர்’, சோப்பு உறையில் பேர் பக்கத்தில் இருக்குமே, அது. அப்புறம் ஏதோ ஒரு கொசுறு. இதே மூணும் திரும்பத் திரும்ப, பதினைந்து வருஷத்துக்கு. நம் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்கிற குறியீட்டு முறையில் மூணு பைட். அதைப் பழைய டேட்டாபேஸ் ஐரோப்பிய எழுத்துக்கான ‘லத்தீன்-1’ என்று லேபிள் ஒட்டிய டப்பாவில் போட்டு வைத்திருந்தது. அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு வைப்பாளே, அப்படி. போட்டவளே எடுக்கும்வரை பிரச்சனை இல்லை. புது ஆள் வந்து லேபிளைப் படித்தான், மூணு பைட்டை மூணு தனி எழுத்தாக எடுத்துக் கொட்டிவிட்டான். நேராக மாற்றினால் இன்னும் கெடும். முதலில் லேபிளே இல்லாத வெறும் பைட்டாக, அதாவது பைனரியாக்கி, அதிலிருந்து யூடிஎஃப்8எம்பி4 என்கிற முழு யூடிஎஃப்-8-க்குக் கொண்டுபோக வேண்டும். ராத்திரி ஒன்றரைக்கு ‘அ’ வந்தது. எழுந்து நின்று தண்ணீர் குடித்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அலங்காரத்திலும் கை வைத்தேன். மூணு பத்தி, கருப்புப் பின்னணி, இரண்டு பக்கமும் தோரணம் எல்லாம் போச்சு. ஒரே பத்தி, முக்த மலர் எழுத்துரு, வரிக்கு வரி நல்ல இடைவெளி. சாய்வெழுத்தையும் எடுத்துவிட்டேன், தமிழில் அது எழுத்தே இல்லை, நிற்கிறதைப் பிடித்துத் தள்ளிவிட்ட கோலம். இரண்டு ஓரமும் நேராக வருகிற ஜஸ்டிஃபையும் கிடையாது. நம் சொற்கள் நீளம், போன் திரையில் ஒரு வரிக்கு மூணு சொல்தான் அடங்குகிறது, நடுவில் விழுகிற இடைவெளியில் லாரி போகும். வீட்டம்மா பார்த்துவிட்டு, “முன்னாடி கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது, இப்போ ரேஷன் ரசீது மாதிரி இருக்கு” என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு கூத்து. ‘காசிமேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை’ ஞாபகம் இருக்கா? அதன் இணைய முகவரி ‘ஞாயிற்ற’ என்பதோடு அந்தரத்தில் நிற்கிறது. முகவரிக்கு, வலைப்பூவை நடத்துகிற வேர்ட்பிரஸ் மென்பொருள் ஒதுக்குவது 200 இடம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு கொம்புக்கும் புள்ளிக்கும்கூட, ஒன்பது இடம் போகிறது. இருபத்திரண்டோடு கத்தரி. இத்தனை வருஷம் யாருமே பார்க்கவில்லை பார்.

இப்போது நிஜமான விஷயம். போன வாரம் நைனா திதி. அவரைப் பற்றி 2005-ல் எழுதியதைத் தேடினேன். ‘நைனாவின் மௌனம்’. தேடலில் ‘மௌனம்’ என்று அடித்தால் ஒன்றுமில்லை என்கிறது. மாற்றும்போது நான்தான் தொலைத்துவிட்டேன் என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை. பேக்கப்பில் தேடினாலும் இல்லை. கடைசியில் மாசம் மாசமாகத் திறந்துகொண்டே போனால், அங்கேயே இருக்கிறது! ‘மெளனம்’. ஔகாரத்துக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பு, ம, ‘ள’. கண்ணுக்கு ஒரே மாதிரி, கம்ப்யூட்டருக்கு வேறு சொல். கெளரவம், பெளர்ணமி எல்லாம் அதே கதை. முல்லை நகர் கிரவுண்டில் கோல்கீப்பராக, நம்ம பாஷையில் கோலி, நின்று புத்தூர் கட்டோடு நான் உட்கார்ந்திருந்த மூணு மாசமும், பிரவுசிங் சென்டரில் நான் சொல்லச் சொல்ல அடித்தது யாரு? அந்த ‘ள’ உன்னோடதுடா.

கோபத்தில் மொத்தமாக மாற்று என்று கொடுத்தேன். அந்த மாதிரி ஒற்றைக்கொம்போடு சேர்ந்து வருகிற ‘ள’ எல்லாம் ஔகாரமாகிவிட்டது. 2015 வெள்ளம் பற்றி எழுதின அத்தனையிலும் வெள்ளம் நாசம். தெளிவு போச்சு. காசிமேட்டில் கெளுத்தி மீன் புள்ளி வட்டத்தோடு துள்ளுகிறது. திரும்ப பேக்கப், திரும்ப முதலிலிருந்து. இப்போது ஒவ்வொன்றாகக் கையால் திருத்துகிறேன்.

அப்படித் திருத்தப் போய்த்தான் நைனா பதிவை முழுசாகப் படித்தேன். 1996-ல் பின்னி மில் மூடினபிறகும் விடியற்காலை எழுந்து, சவரம் செய்து, ஊதாத சங்குக்காகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார் என்பது வரை நான் சொன்னதுதான். அடுத்து ஒரு வரி இருக்கிறது: “காலி டிபன் கேரியரைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தம் வராமல் மூடுவார்.”

மச்சி, இது நான் சொன்னதில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. நான் அந்த நேரத்தில் போர்த்திக்கொண்டு தூங்குவேன். என்னைக் கிரவுண்டுக்கு எழுப்ப வருகிறவன் நீ. வாசலில் நின்று பார்த்தாயா? இல்லை, நன்றாக இருக்கட்டும் என்று சேர்த்தாயா? இத்தனை வருஷமாக என் பேரில் இருக்கிறது. அம்மாவிடம் கேட்கலாம் என்று இரண்டு தடவை கூடத்துக்குப் போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

நீ சொல்கிறவரை அந்தப் பதிவில் மட்டும் கை வைக்க மாட்டேன். ‘ள’ அப்படியே இருக்கட்டும். போனில் சொல்லாதே, போனில் நீ எல்லாத்தையும் சிரிப்பாக்கிவிடுவாய். எழுது.

ஒயரிங்குக்கு ஒரு போன் போட்டுவிடு. மொய் நான் சேர்த்து எழுதிவிட்டேன், ஐநூறு பாக்கி.

உன்,
கோலி