தம்பிக்கு அப்பா எழுதுறது

தம்பி,

வாய்ஸ் மெசேஜ் போட்டா நீ கேக்குறதில்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன். இங்க எல்லாரும் நல்லாருக்கோம், அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே தான். அங்க குளிர் எவ்ளோ, மஃப்ளர் கட்டுறியா. முக்கியமா ஒண்ணு, ரஷ்ய மொழில இருக்குற எந்த பேப்பர்லயும் யார் சொன்னாலும் கையெழுத்து போடாத. வேலைன்னு கூட்டிட்டு போய் நம்ம நாட்டுப் பசங்கள பட்டாளத்துல சேத்துவிட்ட சேதிய டிவில பாத்ததுலேர்ந்து அம்மா தூங்கல, நானும் தான்.

வோல்கோகிராடுல டாக்டர் சீட் கெடச்சிருக்குன்னு நீ சொன்ன அன்னைக்கு நான் தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தேன். முப்பத்திரண்டு வருஷமா போர்டுல நான் எழுதுன ஸ்டாலின்கிராடு தானே அது, 1961ல தானே பேர் மாத்துனாங்க. மமாயேவ் குர்கான் மேட்டுல, வாள் தூக்கிட்டு நிக்குற அந்த 85 மீட்டர் சிலைக்கு கீழ நீ நின்ன போட்டோ இன்னும் ஹால்ல தான் இருக்கு. வர்றவங்க கிட்ட எல்லாம் காட்டுவேன். நீ தான் ஆறு வாரமா ஒரு வார்த்தை பேசல.

கிளாஸ்ல அந்த ஸ்டாலின்கிராடு போர் பாடம் எடுக்கும்போது தலைவர்களோட உறுதியைப் பத்தி தான் பெருசா பேசுவேன். 1942 ஜூலை 28 ஸ்டாலின் போட்ட 227ம் நம்பர் உத்தரவு, ஒரு அடி கூட பின்வாங்கக்கூடாதுன்னு, அத சொல்லும்போது எனக்கே புல்லரிக்கும். இப்ப ராத்திரில தூக்கம் வராம அதே பாடத்த திரும்பத் திரும்ப நெனச்சுப் பாக்குறேன். நவம்பர்ல ஜெர்மன் தளபதி பவுலஸோட படை, ரெண்டரை லட்சம் பேருக்கு மேல, ரஷ்யப் படை வளையத்துல மாட்டிக்கிச்சு, ஒடச்சிட்டு வெளிய வந்துடுறேன்னு பவுலஸ் கேட்டாரு, ஹிட்லர் விடல, விமானத்துலயே எல்லாம் கொண்டுவந்து போட்டுடலாம்னு ஜெர்மன் விமானப்படைத் தலைவன் கோரிங் வாக்கு குடுத்தான், ஒரு நாளைக்கு 300 டன்னாவது வேண்டிய எடத்துல சராசரியா நூறு டன் பக்கம் தான் போச்சு. பட்டினி, பனி. ஜனவரி 30 பவுலஸுக்கு ஹிட்லர் ஃபீல்டு மார்ஷல் பட்டம் குடுத்தான், அதுவரைக்கும் எந்த ஜெர்மன் ஃபீல்டு மார்ஷலும் சரணடஞ்சதில்ல, அப்ப அதுக்கு அர்த்தம் செத்துருன்னு தான். மறுநாளே அந்த டிபார்ட்மென்ட் ஸ்டோர் பேஸ்மென்டுலேர்ந்து அவரு கைதியா வெளிய வந்தாரு. மொத்தம் 91,000 பேர் கைதி, ஊர் திரும்புனவங்க ஆறாயிரம் பேர் கூட இருக்க மாட்டாங்க. கேட்டப்பவே வரவிட்டிருந்தா எத்தன வீட்டுப் பிள்ளைங்க பொழச்சிருக்கும்.

ஸ்டாலினோட மூத்த மகன் யாக்கோவ் கதையும் உனக்குச் சொல்லியிருக்கேன். 1941ல ஜெர்மன்காரன் பிடிச்சிட்டான், கைதிக்குக் கைதி மாத்திக்கலாமான்னு கேட்டப்ப அப்பன் மாட்டேன்னுட்டாரு, 1943 ஏப்ரல்ல சாக்சன்ஹவுசன் முகாம்ல பையன் செத்துப்போனான். நாடு தான் பெருசுன்னு நெனச்சாருன்னு நான் மெச்சி சொல்லுவேன். ஆனா அதுக்கு முன்னாடி நடந்தத மட்டும் கிளாஸ்ல சொன்னதே இல்ல. சின்ன வயசுல அந்தப் பையன் தன்னைத் தானே சுட்டுக்கிட்டு பொழச்சிருக்கான், ஒழுங்கா சுடக்கூட தெரியலன்னு அப்பா கேலி பண்ணாருன்னு தங்கச்சி ஸ்வெட்லானாவே எழுதி வச்சிருக்கா.

நீ ரெண்டாவது தடவ நீட் எழுதிட்டு வந்தப்ப மாடி ரூம் வாசல்ல நின்னு நான் சொன்னத நீ மறந்திருக்க மாட்ட. நானும் மறக்கல. அன்னைக்கு கதவ தட்டுனது அம்மா, நான் கீழ பேப்பர் படிச்சிட்டு இருந்தேன், எழுத்து ஒண்ணும் கண்ணுல ஏறல, ஆனாலும் மேல வரல. அப்புறம் சென்னை ஏர்போர்ட்டுல, டாக்டராகாம வாசப்படி மிதிக்காதன்னு அக்கா முன்னாடியே சொன்னேன். தப்பு தம்பி. அத அப்படியே விட்டுடு, மனசுல வச்சுக்காத.

ரிசல்ட் பத்தி நான் கேக்க மாட்டேன். சித்தப்பா பணத்த நான் பாத்துக்குறேன், பின்பக்க மனைய கேட்டு ரெண்டு பேர் வந்துட்டு போனாங்க. நேரத்துக்கு சாப்புடு. பணம் வேணும்னா என்கிட்ட கேளு, அங்க யார்கிட்டயும் வாங்காத, கையெழுத்து எதுலயும் போடாத.

டிக்கெட் போடவா, அத மட்டும் சொல்லு. விடியக்கால ஃபிளைட்டா இருந்தாலும் நான் வந்து நிப்பேன்.

அப்பா