மொதல்ல மாமியார் வீட்டுக்குப் போன்னு ஏன் சொன்னேன்னா

பாப்பா,

மணி ராத்திரி ரெண்டேகால். இன்னிக்கு டெக்சா, அதான் என் புத்துநோய்க்கு குடுக்குற ஸ்டீராய்டு மாத்திரை, போட்ட நாள், அஞ்சு மாத்திரையும் காலைலயே ஒரே மடக்குல முழுங்கணும், அன்னிக்கு ராத்திரி சுத்தமா தூக்கம் வராது. உங்க அம்மா நல்லா குறட்டை விட்டு தூங்குறா, நான் ஊஞ்சல்ல உக்காந்து போன்ல டைப் அடிச்சிட்டு இருக்கேன், தப்பு இருந்தா கண்டுக்காத.

ஞாயித்துக்கிழமை நீ போன வச்சதுலருந்து அவ மூஞ்சி சரியில்ல. "பொறந்த வீட்டுக்கு வர்றதுக்கு எனக்கு குவாரன்டைனா"ன்னு கேட்டியாமே. அவ சொன்ன விதம் தப்பு, ஒத்துக்கிறேன், ஆனா சொல்லச் சொன்னது நான்தான். லீட்ஸ்லருந்து வந்து இறங்குனதும் நேரா கும்பகோணத்துல சம்பந்தி வீட்ல ஒரு வாரம் இரு, அப்பறம் தஞ்சாவூர் வா. அவ்ளோதான் விஷயம். ஏன்னு சொல்லாம விட்டதுதான் என் தப்பு.

ஒண்ணு ஒளிச்சு வச்சோம். மார்கழில நான் "லேசா சளி"ன்னு சொன்னேன்ல, அது நிமோனியா. எட்டு நாள் ஆஸ்பத்திரி, அதுல மூணு நாள் ஆக்சிஜன். தை கடைசில திரும்பவும் வந்துச்சு. நீ வீடியோ கால் கேட்டப்பல்லாம் நெட்டு சரியில்லன்னு அம்மா சமாளிச்சா. திட்டணும்னா என்னைய திட்டு.

ரெண்டாவது தடவைதான் டாக்டர் ஐஜிஜி டெஸ்ட் எழுதுனாரு, அதான் ரத்தத்துல கிருமியை எதுத்து நிக்கிற ஆன்டிபாடி எவ்ளோ இருக்குன்னு பாக்குறது. 260 வந்துச்சு. சாதாரண ஆளுக்கு 700லருந்து 1600 வரைக்கும் இருக்கணுமாம். எனக்கு ஒண்ணும் புரியல, ஏன்னா வியாதி கண்டுபிடிச்சப்ப இதே டெஸ்ட்ல எனக்கு 5400 இருந்துச்சு. அப்ப நான் பெருமையா "ஆன்டிபாடி எக்கச்சக்கமா இருக்கு சார், நல்லதுதானே"ன்னு கேட்டு அவரு சிரிச்சாரு. நான் முப்பது வருஷம் ரேஷன் ஆபீஸ்ல குப்பை கொட்டுனவன்னு அவருக்கு தெரியும், அதுனால அந்த பாஷைலயே சொன்னாரு. ரெஜிஸ்டர்ல ஆயிரம் கார்டு இருக்கு, ஆனா போய் பாத்தா எல்லாம் ஒரே ஆளு போட்ட போலி கார்டு. ஆன்டிபாடி பண்றது பிளாஸ்மா செல்லு, அதுல புத்து பிடிச்ச ஒரே ஒண்ணு பெருகி பெருகி ஒரே மாதிரி புரோட்டீனை அடிச்சு தள்ளிட்டு இருந்துச்சு, அது எந்த கிருமியோடயும் சண்டைக்குப் போகாது, சும்மா நம்பரை ஏத்திக் காட்டும். நெசமான ஆன்டிபாடி அப்பவே கம்மிதான். இப்ப மருந்து போலியை எல்லாம் கேன்சல் பண்ணிடுச்சு, மிச்சம் நின்னது 260. அது மட்டும் இல்ல, புத்துநோய்க்குப் போடுற இந்த டாரா ஊசி இருக்கே, அது கெட்ட பிளாஸ்மா செல்லு மேல இருக்குற ஒரு அடையாளத்தைப் பாத்துதான் அடிக்குது, அதே அடையாளம் நல்ல செல்லு மேலயும் இருக்கு. களையோட சேத்து பயிரும் போச்சு. ஆக மருந்து வேலை செய்யுது, வேலை செய்றதுனாலதான் இந்தக் கஷ்டமும். இதை உங்க அம்மாவுக்கு புரிய வைக்க ரெண்டு நாள் ஆச்சு.

அதுனால மாசாமாசம் இம்யூனோகுளோபுலின், அதாவது ரெடிமேட் ஆன்டிபாடி, டிரிப் ஏத்துறாங்க. கிலோவுக்கு 400 மில்லிகிராம், நான் 62 கிலோ, 25 கிராம் ஆச்சு, அஞ்சு கிராம் பாட்டில் அஞ்சு. விலையை மாப்ளகிட்ட சொல்றேன், உன்கிட்ட சொல்ல மாட்டேன். பாட்டிலை ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்து வெளிய வச்சு குளிர் விட்டப்பறம்தான் போடுவாங்க, குலுக்கவே கூடாது, குலுக்குனா டிகிரி காப்பி மாதிரி நுரை கட்டிக்கும். மொத தடவை ஆரம்பிச்ச அரைமணில பல்லு கிட்டி போற அளவுக்கு குளிரு, நர்ஸ் பொண்ணு உடனே நிறுத்தி ஊசி போட்டு, அப்பறம் சொட்டு சொட்டா திரும்ப ஆரம்பிச்சு, சாயங்காலம் ஆயிடுச்சு முடிய. வீட்டுக்கு வந்து ஒரே தலைவலி. இப்பல்லாம் மொத நாள்லருந்தே தண்ணி நெறைய குடிச்சிடுறேன், பரவால்ல. ஆயிரக்கணக்கான பேரு குடுத்த பிளாஸ்மாவை ஒண்ணா சேத்துதான் அந்த மருந்து பண்றாங்களாம். அதைக் கேட்டதுலருந்து அந்த பாட்டில் தொங்குறப்ப ஒரு மாதிரி இருக்கும், யாரு எவருன்னே தெரியாது, எந்த ஊரு சாப்பாட்டுல ஊறுன ரத்தமோ.

இப்ப கணக்குக்கு வர்றேன். உள்ள போன ஆன்டிபாடி சுமார் மூணு வாரத்துல பாதி ஆயிடும். ஏப்ரல் 6 எனக்கு டிரிப். உன் டிக்கெட் 8. குட்டி நர்சரிலருந்து நேரா ஃப்ளைட் ஏறி வர்றா, அவ மூக்கு என்னிக்கு ஒழுகாம இருந்துச்சு சொல்லு? சளியோ ஃப்ளூவோ வர்றதா இருந்தா ஒரு வாரத்துக்குள்ள தெரிஞ்சிடும். 15 வந்தா எனக்கும் தெம்பு இருக்கும், அவளும் தெளிஞ்சிருப்பா. சின்னம்மை விஷயம் மட்டும் வேற, அது வெளிய தெரிய மூணு வாரம் கூட ஆகும். நர்சரில யாருக்காவது அம்மை போட்டிருந்தா மறைக்காம சொல்லிடு. அம்மை போட்ட வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகி வெளி ஆளை விடமாட்டாங்க உங்க அப்பாயி, அதே கதைதான். அதே கிருமியால வர்ற அக்கி எனக்கு வராம இருக்க தினமும் ரெண்டு வேளை மாத்திரை ஓடுது, இருந்தாலும் வம்பு எதுக்கு.

குட்டிக்கு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) ஊசி போட்டுட்டேன்னு சொன்னதுக்கு அம்மா பயந்தா. டாக்டர்கிட்ட கேட்டேன், தாராளமா போடட்டும், அவளுக்கு போட்டா எனக்கும் பாதுகாப்புன்னாரு. எனக்குத்தான் அந்த மாதிரி உயிருள்ள கிருமி ஊசி ஆகாது. ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டுக்கிட்டேன், என் உடம்பு அதை எவ்ளோ தூரம் ஏத்துக்குமோ.

இன்னொண்ணு. காய்ச்சல் 100.4 தொட்டா பாராசிட்டமால் போட்டு படுக்கக் கூடாது, நடு ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரி. டெக்சா போட்ட நாள்ல காய்ச்சல் வெளிய தெரியாமலும் போகும், அதுனால நடுக்கம் வந்தாலே கெளம்பிடுவோம். நீ இருக்குறப்ப அப்படி ஆனா கத்தாத, பை ரெடியா பீரோ பக்கத்துல இருக்கு, ஃபைலும் அதுலயே.

ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுட்டேன். மாஸ்க் எனக்கு வேணாம்னு தோணிச்சு, ஆனா போட்டுக்குவேன், குட்டி தாத்தாவைப் பாத்து பயந்தா நீதான் சமாளிக்கணும். தெர்மாமீட்டர் வாங்கிட்டு வர்றேன்னியாமே, வேணாம், வீட்ல மூணு கெடக்கு.

அப்பா