ஆறு வயதுக்கு அப்புறம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்துவிடுவாய், அதனால்தான் கடிதம். ஒரே ஆட்களைக் குழந்தையிலிருந்து முதுமை வரை தொடர்ந்து பார்க்கிற ஆய்வுக்கு எதை எடுக்கலாம் என்று போன வாரம் கேட்டாய். பேராசிரியரை விட்டுவிட்டு அங்கன்வாடி டீச்சரைக் கேட்கிறாயே என்று சிரித்தேன். ஆனால் இரண்டு நாளாக அதே நினைப்புதான்.

உங்கள் எடின்பரோக்காரர்கள் கதையைச் சொன்னாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1947 ஜூன் 4 அன்று ஸ்காட்லாந்தில் பதினோரு வயதுப் பிள்ளைகள் எழுபதாயிரம் பேர் ஒரே தேர்வை எழுதினார்கள். அவர்களில் 1,091 பேரை எழுபது வயதுவாக்கில் தேடிப்பிடித்து அதே தேர்வை மறுபடி வைத்தார்கள். வயதான காலத்தில் புத்திக்கூர்மையில் ஆளுக்கு ஆள் தெரிகிற வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி பதினோரு வயதிலேயே இருந்தது என்று நீ படித்துக் காட்டினாய். அந்த மீதிப் பாதி எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

என் சென்டரில் மாதாமாதம் எடை போடுவது உனக்குத் தெரியும். தராசில் தொங்கும் பைக்குள் காலை விடும்போதே பாதிக் குழந்தைகள் அழும். முள் நிற்காது. அழுகை ஓய்கிற ஒரு நொடியில் பார்த்து எழுத வேண்டும். வளர்ச்சி அட்டையில் புள்ளி மஞ்சளிலிருந்து (எடை குறைவு) பச்சைக்கு (சரியான எடை) ஏறினால் 'தேறிட்டான்' என்று அவன் அம்மாவிடம் சொல்வேன். இப்போது போன் செயலியிலும் ஏற்றுகிறோம். ஆறு வயது முடிந்ததும் பெயர் என் பதிவேட்டை விட்டுப் போய்விடும்.

பள்ளியில் எமிஸ் என்று அரசின் மாணவர் பதிவு எண் கொடுப்பார்கள், அதுவும் பன்னிரண்டாம் வகுப்போடு சரி. அப்புறம்? இந்தியா முழுக்க முதியோரைத் தொடர்ந்து பார்க்கும் லாசி ஆய்வு 2017-18இல் எழுபத்திரண்டாயிரம் பேருக்கு மேல் பார்த்தது என்றாய். அதில் சேர நாற்பத்தைந்து வயதாக வேண்டும். நடுவில் குடும்ப நல சர்வேக்காரர்கள் வருவார்கள்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வீடு, வேறு ஆள். கல்யாணம், பிள்ளைப்பேறு, ஷூ கம்பெனி வேலை, மாமியார் படுக்கையில் விழுவது எல்லாம் நடுவில் உள்ள அந்த இருபத்தேழு வருடத்தில்தான் நடக்கிறது.

நீ சொன்ன டெல்லி ஆய்வைப் பற்றிக் கேட்டதிலிருந்து என் 'தேறிட்டான்' மேலேயே எனக்குச் சந்தேகம். 1969 முதல் 1972 வரை அங்கே பிறந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 2004இல் வெளியிட்டார்கள். இரண்டு வயதில் ஒல்லியாக இருந்து, அப்புறம் வளர வளர உடம்பு போட்டவர்களுக்குத்தான் முப்பது வயதுவாக்கில் சர்க்கரையோ அதற்கு முந்தைய நிலையோ அதிகம் வந்திருக்கிறது. என் பதிவேட்டில் பச்சைக்கு ஏறிய பையன்கள் எத்தனை பேர் இப்போது மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறார்களோ, எனக்கு எப்படித் தெரியும்?

அதே காலத்தில், 1969 முதல் 1973 வரை, நம் வேலூரிலும் சுற்றுப்பட்டு கிராமங்களிலும் பத்தாயிரத்துக்கு மேல் குழந்தைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். நான் 1971இல் பிறந்தவள். என்னை யாராவது வந்து எடை போட்டார்களா என்று ஆயாவைக் கேட்டேன் (சென்டர் ஆயா இல்லை, நம் ஆயா). "உன்னையா, உன் தம்பியையா, யாருக்கு ஞாபகம்" என்றார். போட்டிருந்தாலும், பெரியவளான பிறகு தேடி வந்திருந்தால் நான் செய்யாற்றில் மருமகளாக இருந்திருப்பேன். ஊரிலேயே இருந்த உன் மாமா கிடைத்திருப்பான், நான் கிடைத்திருக்க மாட்டேன். நம் பக்கம் பெண்கள் எல்லாரும் வீடு மாறுகிறவர்கள்தானே. அவர்களை விட்டுவிட்டு வாழ்நாள் முழுக்கப் பார்த்தோம் என்று எப்படிச் சொல்வது? அதனால் கட்டிக்கொடுத்த பெண்ணையும் போன ஊருக்கே தேடிப்போய்ப் பார்க்கிற ஆய்வாக எடு. செலவு ஆகும். உன் பேராசிரியர் முகம் சுளிப்பார்.

இன்னொன்று, ஆயா விஷயம். மறதி அதிகமாகிறது என்று ஆடி மாதம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், பெயர் வேண்டாம். அங்கே ஒரு பையன் தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டான்.

"இன்னைக்கு என்ன தேதி பாட்டி?"

"ஆடிக் கிருத்திகை போய் மூணாம் நாள்."

தப்பு என்று குறித்தான். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னான். "எதுக்கு?" என்றார் ஆயா. முப்பது வருடம் கீரை விற்றுச் சில்லறை கொடுத்தவர். கடைசியில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னபோது, கைநாட்டுக்கு என்று நினைத்துக் கட்டைவிரலை நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கென்று ஹரியானா பல்லப்கட் பக்கம் 1990களிலேயே அந்த மறதித் தேர்வை இந்தியில் மாற்றி வைத்தார்கள் என்று அன்று ராத்திரி நீதான் சொன்னாய். தேதி சொல்ல வராவிட்டால் காலையா மாலையா என்று கேட்கலாம், நூறில் ஏழுக்குப் பதில் இருபதில் மூன்று, எழுதுவதற்குப் பதில் உன் வீட்டைப் பற்றி ஏதாவது சொல். அது ஏன் இன்னும் இங்கே அந்த மேசைக்கு வந்து சேரவில்லை? நீ இதையும் சேர்த்துப் பார். பதினோரு வயதில் எழுதிய தாளே இல்லாத ஆயாவுக்கு அறிவு தேய்ந்ததா இல்லையா என்று எதை வைத்து அளப்பாய்? எனக்குத் தெரிந்த ஒரு வழி, கீரைக்கட்டு விலையைக் கேட்பதுதான்.

அப்பா நலம். பருப்புப் பொடி வெள்ளிக்கிழமை கூரியரில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் ஆயாவிடம் பேசு. போனை இடது காதில் வைக்கச் சொல்கிறேன், வலது காது சுத்தமாகக் கேட்கவில்லை. அந்தப் பையன் வலது பக்கம்தான் உட்கார்ந்திருந்தான்.

அம்மா