அம்புக்குறிக்கும் எழுத்துக்கும் நடுவே

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "மூணாவது தடவையும் சாம்பல் பட்டையைத் திருப்பிக் குடுத்துட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாயே, அதுதான் மனசைப் பிசைகிறது. போனில் சொல்ல வந்ததெல்லாம் எனக்குப் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

உன் கோபம் நியாயமானதுதான். எழுத்தாலும் படத்தாலும் செய்தி சொல்கிற கம்யூனிகேஷன் டிசைன் படிக்கப் போன பெண்ணை உட்காரவைத்து, கோடு போடு, காகிதம் வெட்டு, வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஒன்பது கட்டமாகச் சாம்பல் பட்டை தீட்டு என்று மாதக்கணக்கில் சொன்னால் யாருக்கும் சலிப்பு வரும். உன்னோடு பள்ளியில் படித்தவர்கள் இதற்குள் லோகோ செய்கிறார்கள், செயலிக்கு முகப்பு வரைகிறார்கள். உன்னை இன்னும் கணினியைத் திறக்கவே விடவில்லை. "இதுக்கும் கம்யூனிகேஷனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. படுத்த பிறகு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எழுத்துகளைப் புரோமைடு என்ற புகைப்படத் தாளில் எடுத்து, பிளேடால் வெட்டி, அட்டையில் ஒட்டித்தான் ஆர்ட்வொர்க், அதாவது அச்சுக்குப் போகும் மூலப்படி, செய்வோம். அடிப்படை என்று எதையும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் இருந்தவர் செய்ததைப் பார்த்துச் செய்தேன். கோணல் இல்லாமல் ஒட்டினால் போதும், இடைவெளி எல்லாம் ஒரே அளவாக இருந்தால் அழகு என்று நம்பினேன். அப்படியே பல வருஷம் ஓடியது. அப்புறம் ஒரு மருத்துவமனைக்கு வழிகாட்டிப் பலகை செய்கிற வேலை வந்தது. ஐந்து பிரிவுகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஓர் அம்புக்குறி. பெயருக்கும் அம்புக்கும் நடுவே நாலு சென்டிமீட்டர், அந்த அம்புக்கும் அடுத்த பெயருக்கும் நடுவேயும் நாலு சென்டிமீட்டர். ஸ்கேல் வைத்து அளந்து செய்தேன். பார்க்க அவ்வளவு சீராக இருந்தது.

பலகை மாட்டிய சில நாட்களில் வேறு வேலையாக அங்கே போனேன். ஒரு பெரியவர், கையில் சீட்டோடு, என் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். 'ரத்தப் பரிசோதனை' என்ற வரியில் விரலை வைத்தார். அந்த வரிக்கு மேலே 'எக்ஸ்ரே'யின் அம்பு இடப்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. கீழே அவருக்கு உரிய அம்பு வலப்பக்கம் காட்டியது. இரண்டும் அவர் விரலிலிருந்து ஒரே தூரம். கொஞ்சம் தயங்கினார், பிறகு இடப்பக்கம் திரும்பி, அந்த நீண்ட நடைபாதையில் மெதுவாகப் போக ஆரம்பித்தார். நடக்க முடியாதவர். நான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அதற்கு முந்தைய நாட்களில் எத்தனை பேர் அப்படிப் போயிருப்பார்களோ.

அந்தப் பலகையில் எழுத்துப் பிழை இல்லை, தவறான தகவல் ஒன்றுகூட இல்லை. நடுவில் இருந்த வெற்றிடம்தான் பிழை. திரும்பப் போய் அம்பைப் பெயரோடு ஒட்டினாற்போல் இரண்டு சென்டிமீட்டரில் வைத்து, அடுத்த பெயருக்கு ஆறு விட்டேன். மொத்த அளவு மாறவே இல்லை. அதற்குப் பிறகு யாரும் தயங்கவில்லை. ஒரு மத்தியானம் முழுக்க அங்கே உட்கார்ந்து பார்த்தேன்.

அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரே கூட்டமாகச் சேர்த்துப் பார்க்கும் என்பதை மாக்ஸ் வெர்ட்ஹைமர் என்ற உளவியலாளர் 1923-லேயே வெறும் புள்ளிகளை வைத்து விளக்கி எழுதியிருக்கிறார். எனக்கு அந்தப் பெயர் தெரிந்ததே நீ கல்லூரியில் சேர்ந்த பிறகு, உன் பாடத்திட்டத்தைப் படித்தபோதுதான். இரண்டாவது வாரமே உனக்கு நான்கு கறுப்புச் சதுரங்களைக் கொடுத்து, வேறெதுவும் சேர்க்காமல் 'நெரிசல்', 'ஒழுங்கு', 'பதற்றம்' என்ற சொற்களைக் காட்டச் சொன்னார்களே, அது இதே பாடம்தான். சதுரம் மாறவில்லை. அவற்றின் நடுவே உள்ள தூரத்தை மாற்றினாய், அர்த்தம் மாறியது. பல வருஷம் வேலை பார்த்த பிறகு, ஒரு பெரியவரை அலைக்கழித்து நான் தெரிந்துகொண்டதை நீ ஒரு வகுப்பில் காகிதத்தை நகர்த்தித் தெரிந்துகொண்டாய். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சரி, அந்தச் சாம்பல் பட்டைக்கு வருகிறேன். நீ அனுப்பிய படத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். முதல் தடவை, வெள்ளையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே அளவு கறுப்பைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறாய். கணக்கு சரி, கண்ணுக்குச் சரியில்லை. வெள்ளையில் ஒரு துளி கறுப்பு விழுந்தாலே சட்டென்று இறங்கிவிடும். கடைசிக் கட்டங்களிலோ எவ்வளவு சேர்த்தாலும் மாற்றம் தெரியாது. படி சமமாக இருக்க வேண்டியது கண்ணுக்கு, கிண்ணத்துக்கு அல்ல. அதோடு போஸ்டர் கலர் காயும்போது வேறாகிவிடும். வெளிர் நிறங்கள் கொஞ்சம் கறுக்கும், அடர்ந்தவை கொஞ்சம் வெளுக்கும். ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காதே. ஓரத்தில் ஒரு துண்டுத் தாளில் தீட்டி, காயவைத்து, கட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார். அப்புறம் கண்ணைச் சுருக்கிப் பார். விவரம் மங்கி, வெளிச்சமும் இருளும் மட்டும் மிஞ்சும். எங்கே இரண்டு கட்டங்கள் ஒன்றாகிவிடுகின்றனவோ அங்கேதான் படி சறுக்கியிருக்கிறது. உன்னுடையதில் ஆறும் ஏழும் அப்படி இருக்கின்றன.

மூன்றாவது பட்டையைப் பற்றி நீ சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "ஒரே கலவையில ஒரே மாதிரிதான் தீட்டினேன், ஆனா ஒவ்வொரு கட்டமும் ஒரு ஓரத்துல வெளுத்துத் தெரியுதுப்பா, கை சரியில்லையோ" என்றாய். உன் கை சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்து, இருபுறமும் உள்ள கட்டங்களை மூடிவிட்டு நடுவில் ஒன்றை மட்டும் பார். ஒரே சீராக இருக்கும். தாள்களை எடுத்தால், கறுத்த அண்டைக் கட்டத்தைத் தொடுகிற ஓரம் வெளுக்கும், வெளுத்ததைத் தொடுகிற ஓரம் கறுக்கும். அது கண் செய்கிற வேலை.

இதைத் துப்புத் துலக்கியவர் ஷெவ்ரெல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிசில் கோப்லன் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் 1824 முதல் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தார். கறுப்புச் சாயம் திடமாக இல்லை, வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. நெசவில் அந்தக் கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் வருகிற நிறம்தான் அதைக் கெடுத்துக் காட்டியது. வருஷக்கணக்கில் ஆராய்ந்து 1839-ல் நிறங்களின் எதிர்ப்பண்பு (கான்ட்ராஸ்ட்) பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். பழுது நூலில் இல்லை, அண்டையில் இருக்கிறது என்பதை முழுசாக விளக்கி எழுத ஒரு வேதியியலாளருக்கே அவ்வளவு காலம் ஆனது. நீ மூன்று பட்டைகளில் அதைக் கண்ணால் பிடித்துவிட்டாய், பெயர்தான் தெரியவில்லை. சாம்பல் பின்னணியில் எழுத்து வைக்கிற ஒவ்வொரு வேலையிலும் இது உன்னோடு வரும்.

இந்த முதல் வருஷப் படிப்பு எங்கிருந்து வந்தது என்றும் தேடிப் படித்தேன். 1919-ல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்டர் குரோப்பியஸ் என்ற கட்டடக்கலைஞர் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே யோஹானஸ் இட்டன் என்ற ஓவியர் ஆறு மாத அடிப்படைப் படிப்பு ஒன்றை நடத்தினார். அதைத் தாண்டினால்தான் எந்தப் பட்டறைக்குள்ளும் போக முடியும். வகுப்பு தொடங்கும் முன் மூச்சுப் பயிற்சி, உடற்பயிற்சிகூட உண்டாம். 1923-ல் அவர் விலகிய பிறகு மொஹொலி-நாகியும் ஜோசப் ஆல்பர்ஸும் அதை எடுத்து நடத்தினார்கள். ஆல்பர்ஸைப் பற்றி அவருடைய மாணவர் ஒருவர் எழுதிய நினைவுக்குறிப்பு என் மனதிலேயே நிற்கிறது. ஒருநாள் ஒரு கட்டுச் செய்தித்தாளோடு வந்து, ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, இதை வீணாக்காமல் ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கோட்டை, விமானம், மிருகம் என்று விதவிதமாகச் செய்து வைத்திருந்தார்கள். அவர் எடுத்துப் பாராட்டியது நீளவாக்கில் மடித்துச் சும்மா நிற்கவைத்திருந்த ஒரு தாளை. படுத்தே கிடக்கும் காகிதம் நிற்கிறது, அதன் இரண்டு முகமும் தெரிகிறது, ஓரம்கூட வேலை செய்கிறது என்றாராம். கோட்டையைக் கல்லிலும் கட்டலாம், மடிப்பில் நிற்பது காகிதத்துக்கு உரிய குணம் இல்லையா? பள்ளியை 1933-ல் மூடவேண்டி வந்தது. ஆல்பர்ஸ் அமெரிக்கா போய் அங்கேயும் காகிதத்தையும் நிறத்தையும் வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். உன் மேஜையில் இருக்கும் கட்டிங் மேட்டுக்கும் ஸ்டீல் ஸ்கேலுக்கும் அவ்வளவு பழைய கதை இருக்கிறது.

அடுத்த மாதம் எழுத்து வகுப்பு என்றாய். முனை அகலமான பட்டை நிப்புப் பேனாவைப் பிடித்தால் அவசரப்படாதே. ஆங்கிலச் சிற்றெழுத்துக்கு நிப்பின் அகலத்தைப்போல நாலு மடங்கு உயரம், நிப்பின் சாய்வு முப்பது டிகிரி என்று எழுத்துக்கலை ஆசிரியர் எட்வர்ட் ஜான்ஸ்டன் சொல்லிக்கொடுத்த முறையில்தான் அநேகமாகத் தொடங்குவார்கள். சாய்வு மாறாமல் இருந்தால் தடிப்பும் மெலிவும் தானாக வரும். தமிழில் நீயாக ஒன்று செய்து பார். 'படம்' என்று எழுது. எழுத்துகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து ஒரே தூரம் விடு. 'ப'வின் வலப்பக்கக் கோடும் 'ட'வின் இடப்பக்கக் கோடும் நெருக்கியடித்து நிற்கும். 'ட'வுக்கு வலப்பக்கம் மேலே திறந்து கிடப்பதால், அதற்கும் 'ம்'முக்கும் நடுவே ஓட்டை விழுந்தாற்போல் இருக்கும். முதல் இடைவெளியைக் கூட்டி, இரண்டாவதைக் குறைத்துக்கொண்டே வா. ஓர் இடத்தில் மூன்றும் ஒரே சொல்லாகச் சேர்ந்துவிடும். அந்த நொடி எனக்கு ரொம்பப் பிடிக்கும், இன்றைக்கும். கணினி இதையெல்லாம் தானாகச் செய்கிறதே என்பாய். செய்கிறது, சில நேரம் தப்பாகவும் செய்கிறது. தப்பு என்று தெரிகிற கண் வேண்டும்.

ஒன்று மட்டும் உன் ஆசிரியர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. கோடு, வடிவம், நிறம் என்று இவ்வளவு பயிற்சி கொடுக்கிறவர்கள், படிக்கிற ஆளைப் போய்ப் பார்த்துவா என்று இன்னும் அனுப்பவில்லை. கம்யூனிகேஷன் என்று பெயர் வைத்துவிட்டு வாசிப்பவரை இரண்டாம் வருஷத்துக்குத் தள்ளிவைப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன். நீயாகவே போ. ஏதாவது ஒரு அறிவிப்புப் பலகைக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார். யார் எந்த வரியில் நிற்கிறார்கள், எங்கே கண்ணைச் சுருக்குகிறார்கள், யார் படிக்காமலே பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார்கள் என்று நோட்டில் வரைந்து வை. கண்ணாடி மறந்து வந்தவர்களைக் கட்டாயம் கவனி.

அம்மா உன்னை வேளாவேளைக்குத் தூங்கச் சொல்கிறாள். நானும் அதையே சொல்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் நிறம் கலக்காதே, பகலில் ஜன்னல் ஓரம் உட்கார். கட்டர் பிளேடை மழுங்கும்வரை வைத்திருக்காதே. மழுங்கிய பிளேடுதான் அழுத்தும்போது வழுக்கிக் கையைக் கிழிக்கும்.

அந்த மூன்று பட்டைகளையும் தூக்கிப் போட்டுவிடப் போவதாகச் சொன்னாய். போடாதே. அட்டை வைத்து மடங்காமல் மூன்றையும் எனக்கு அனுப்பு. போனில் பார்த்தால் சாம்பல் சரியாகத் தெரியவில்லை. இங்கே ஜன்னல் ஓரச் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிப் பார்க்க வேண்டும். நாலாவதுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா