'மட்டும்தான்' என்று எழுதிய புண்ணியவான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நீரிழிவுக் கட்டுரையில், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கு மட்டும்தான் சிறுநீரகம் கெடும் என்று ஒரு வரி வந்திருந்தது. என் மனைவி அந்தப் பக்கத்தை மடித்து என் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி 7-ஐத் தாண்டியது இரண்டே முறை. பிரஷரும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனாலும் 30-க்குள் இருக்க வேண்டிய சிறுநீர் ஆல்புமின் (சிறுநீரில் கசியும் புரதம்) எனக்கு 200-க்கு மேல். பார்த்த டாக்டர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "இனிப்பு சாப்பிடுறீங்களா?" என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இருபத்தாறு வருடம் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத் தகட்டை உருக்கியவன் நான். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் சாம்பல் நிறம்தான் வரும். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. அந்தக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டுதான் சாப்பாடு, அப்புறம் ஒரு சிகரெட். புகையிலையில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறதாமே! உங்களுக்குத் தெரியாமலா இருக்கும், எழுத இடம் இருந்திருக்காது.

சர்க்கரை பெரும்பாலும் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கெடுக்கிறது. காட்மியம் அதை அடுத்த நுண்குழாயில் போய்க் குடியேறுகிறது. ஏறினால் இறங்காது, பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது வருடம் ஆகும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் புரதக் கசிவு கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு எது எவ்வளவு செய்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. சர்க்கரைக்குப் பங்கில்லை என்றும் நான் வாதாடவில்லை.

ஈயமும் சிறுநீரகத்தைக் கெடுக்குமே என்று, நானே கேட்டு ஈயப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "கவலைப்படும் அளவு இல்லை, போங்க" என்றார். வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆன பிறகு ரத்தத்தில் என்ன இருக்கும்? பெரியவர்கள் உடம்பில் தங்கும் ஈயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்தில் தெரிவது பெரும்பாலும் சமீபத்தில் உள்ளே போனதுதான். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கும் சங்கதியும் அப்படியே. சிறுநீரகம் பாதி ஓய்ந்த பிறகுதான் பல பேருக்கு அது ஏறவே தொடங்குகிறது. "கிரியாட்டினின் நார்மல்" என்ற வார்த்தையை நம்பி நான் நாலு வருடம் நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில், உடம்பின் நச்சு உலோகங்களை ஒரே வாரத்தில் வெளியேற்றும் பொடிக்கு முழுப்பக்க விளம்பரம். கட்டுரைக்குத் தெரியாத உலோகம் விளம்பரத்துக்குத் தெரிந்திருக்கிறது, மகிழ்ச்சி. உலோகத்தை வெளியேற்றும் உண்மையான மருந்துகளையே டாக்டர் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும். அவற்றில் சில சிறுநீரகத்தையே பதம் பார்க்கும். இரண்டு வருடத்துக்கு முன் இதுபோன்ற விளம்பரம் பற்றி நான் எழுதிய கடிதத்தை மூன்று வரியாக வெட்டி, "கட்டுரை அருமை" என்ற பாகத்தை மட்டும் போட்டீர்கள். நன்றி.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டு அந்த 'மட்டும்தான்' என்பதை எடுத்துவிடுங்கள். ஏதாவது மூலையில் பொடி எழுத்தில் போட்டாலும் சரி, என் மனைவியிடம் கண்ணாடி இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய பேட்டரித் தொழிலாளி ஒருவன்