பாதியில் விட்டவர்களையும் கணக்கில் சேருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனச்சோர்வுக்கும் மனப்பதற்றத்துக்குமான சுய உதவிச் செயலிகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவை 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டவை' என்று ஒரே வரியில் முடித்திருந்தது வருத்தமளித்தது. எதனோடு ஒப்பிட்டார்கள், யாரையெல்லாம் கணக்கில் எடுத்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பல சோதனைகளில் ஒரு குழுவுக்குச் செயலியைக் கொடுத்துவிட்டு, மற்றொரு குழுவைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது காத்திருப்பவருக்குத் தெரியும்; அந்த ஏமாற்றமே அவருடைய விடைகளைப் பாதிக்கலாம். 2017இல் 18 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், சும்மா காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டபோது மனச்சோர்வைக் குறைத்த விளைவின் அளவு 0.56, வேறு ஏதேனும் ஒரு பயிற்சியோ செயலியோ பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது 0.22 மட்டுமே (இந்த அளவுகோலில் 0 என்றால் இரு குழுக்களுக்கும் வேறுபாடே இல்லை; 0.2 சிறியது, 0.5 நடுத்தரம் என்பது வழக்கம்). சிறிய பலன்தான். ஆனாலும் மருத்துவரை அணுக வழியில்லாதவருக்கு அதுவும் பெரிது. செயலிகளே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை.

என்னை அதிகம் உறுத்துவது பாதியில் விட்டவர்களின் கதை. காலையில் எழுந்து பல் துலக்குவதே பெரும்பாடாக இருக்கும் நோய் இது. அப்படிப்பட்டவரிடம் தினமும் பயிற்சி செய், மனநிலையைக் குறித்து வை என்கிறது செயலி. சோதனைக் காலத்தில் ஆய்வாளர்கள் நினைவூட்டுகிறார்கள், சில இடங்களில் ஊக்கத்தொகையும் தருகிறார்கள். அப்படியும் பலர் நின்றுவிடுகிறார்கள். வெளியுலகில் நினைவூட்ட யார் இருக்கிறார்கள்? 2019இல் வெளியான ஓர் ஆய்வு 93 மனநலச் செயலிகளின் அன்றாடப் பயன்பாட்டை அளந்தது. செயலியைக் கைபேசியில் நிறுவியவர்களில் 15 நாள் கழித்தும் பயன்படுத்தியவர்கள், இடைநிலைக் கணக்கின்படி (செயலிகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு), நூற்றுக்கு 4 பேர்கூட இல்லை. மற்றவர்கள் குணமாகிவிட்டதால் விட்டார்களா, இன்னும் மோசமானதால் விட்டார்களா? கடைசிவரை இருந்தவர்களின் சராசரியை மட்டும் வெளியிட்டால் இந்தக் கேள்விக்கு விடையே கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. இத்தகைய சோதனைகளில் மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும், ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 (PHQ-9) வினாப்பட்டியல் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கிறது. அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் நல்லது என்றோ தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது. தற்கொலை எண்ணம் உள்ளவர்களைப் பல சோதனைகள் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகின்றன. ஆய்வுக்கு அது நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் அதே செயலி கடைக்கு வந்தபின் அவர்கள் கைக்கும் போகிறது. அவர்களிடம் அது சோதிக்கப்படவே இல்லை என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

இனி இத்தகைய செய்தி வரும்போது, எத்தனை பேர் தொடங்கி எத்தனை பேர் முடித்தார்கள், யாருக்காவது நிலைமை மோசமானதா, அந்த ஒன்பதாவது கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு விடை தந்தவரை ஒரு மனிதர் தொடர்புகொண்டாரா என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்